கடைசி வார்த்தை ஓட்டுகிறவருக்கு

பிப்ரவரி 9, திங்கள்

பனிமூட்டம். அஜ்மானைத் தாண்டவே அரை மணி. இவர் இன்றும் காரில்தான் ஆரம்பித்தார். வீட்டில் ஒரு வார்த்தை கிடையாது, சீட் பெல்ட் போட்டதும் வாய் திறக்கும். விஷயம் அதேதான், ஜனவரியிலிருந்து. வர்ஷாவின் பத்தாம் வகுப்புப் பரீட்சை மார்ச்சில் முடிந்ததும் அவளும் நானும் திருச்சிக்குப் போய்விட வேண்டும். இவர் துபாயில் ஷேரிங் ரூமில் இருந்துகொள்வாராம்.

என் கிளினிக் லேப் வேலை? எட்டு வருஷம். ஏப்ரலில் இன்சார்ஜ் ஆக்குவதாக டாக்டரே சொல்லியிருக்கிறார். அதைச் சொன்னேன்.

"நான் வேணாம்னு சொன்னேனா? உன் இஷ்டம். பங்க் பெட்ல படுக்கப் போறது நான். ஆனா கெட்ட பேரு மட்டும் எனக்கு."

பதில் யோசிப்பதற்குள் ஷார்ஜா, கிளினிக் வாசல். "இறங்கு, பின்னாடி ஹாரன் அடிக்கிறான்." அவ்வளவுதான். கடைசி வார்த்தை எப்போதும் ஓட்டுகிறவருக்கு. நான் ரோடு டெஸ்டில் நாலு முறை ஃபெயில். அது வேறு எரிச்சல்.

வாங்க வேண்டியது: மல்லித்தழை, இட்லி அரிசி, வர்ஷாவுக்கு நீலப் பேனா.

10, செவ்வாய்

இன்றைய சரக்கு, ஊர் உதாரணம். "செந்தில் ஃபேமிலி போயிடுச்சு. பாபு ஃபேமிலி போயிடுச்சு. அவங்கல்லாம் முட்டாளா?"

செந்திலுக்கு வேலையே போய்விட்டது. பாபுவின் மனைவி இங்கே வேலைக்குப் போனதே இல்லை. சொன்னேன், சாதாரணமாகத்தான்.

"ஏன் கத்துற?"

"நான் கத்தலையே."

"இது கத்தல் இல்லாம வேற என்ன?"

கத்தினேன். அதற்கப்புறம் என் வேலை எங்கே, திருச்சி எங்கே. கிளினிக் வரைக்கும் பேச்சு என் தொண்டையைப் பற்றி. கோர்ட்டுக்குப் போயிருக்க வேண்டிய மனுஷன், இன்ஜினியராகித் தொலைத்தார். வக்கீல் சார்.

காலையில் முதல் ஆளாக ரத்தம் கொடுக்க வந்த அரபிக் கிழவி "கலாஸ்?" என்றாள். "கலாஸ்" என்று பஞ்சை வைத்தேன். முடிந்தது என்று யாருக்காவது சொல்ல முடிந்ததே.

12, வியாழன்

சாப்பாட்டு மேஜையில் வர்ஷாவை இழுத்தார். "பதினொண்ணு, பன்னெண்டு படிக்கிறப்ப அம்மா உன் கூட இருக்கணுமா, வேணாமா? நீயே சொல்லும்மா."

இந்தக் கேள்விக்கு எந்தப் பிள்ளை வேண்டாம் என்று சொல்லும்? அவள் தட்டைத் தள்ளிவிட்டு, "ஐ ஹேவ் மேத்ஸ் நெக்ஸ்ட் வீக், ப்பா. கேன் யூ போத் ப்ளீஸ் ஸ்டாப்?" என்று எழுந்து போனாள்.

"பாத்தியா, குழந்தை எவ்ளோ டிஸ்டர்ப் ஆயிட்டா உன்னால."

என்னால்.

என் விசா அவர் ஸ்பான்சரில் இருக்கிறது. கேன்சல் செய்தால் பெட்டி கட்ட வேண்டியதுதான். இதை மட்டும் அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லாமலே கூட உட்கார்ந்திருக்கிறது, பின் சீட்டில் ஆள் மாதிரி. பயமாக இருக்கிறது எனக்கு.

மத்தியானம் நர்ஸ் சுஜாவிடம் கொட்டினேன். கொல்லம்காரி, தமிழ் நன்றாகப் பேசுவாள். "சேச்சி, கார்ல பேசாதீங்க. வீட்ல உக்கார வெச்சுப் பேசுங்க. அழாதீங்க. அழுதா அவருக்கு அது போதும்."

13, வெள்ளி

பேசினேன். வீட்டில், டிவியை அணைத்துவிட்டு. அழவில்லை. பதினொன்றாம் வகுப்பு இதே ஸ்கூலில் இருக்கிறது. அவளும் இங்கேயே படிக்கிறேன் என்கிறாள். என் வேலை எனக்கு வேண்டும், பொழுது போக்க இல்லை, எனக்கே வேண்டும்.

முழுக்கக் கேட்டார். குறுக்கே ஒன்றும் இல்லை. பிறகு, "சரி. நீ சொல்றதும் நியாயம்தான். இங்கேயே இருங்க."

அவ்வளவுதானா? திரும்பக் கேட்டேன். "அதான் சரின்னுட்டேனே" என்று சிரித்தார்.

பால் பாயசம் வைத்தேன். ரெண்டு கப் குடித்தார். நல்ல மனுஷன்தான். நான்தான் வக்கீல், கோர்ட்டு என்று எழுதித் தள்ளியிருக்கிறேன். அந்த வரிகளை அடித்துவிடலாமா என்று பார்க்கிறேன். ஏப்ரலில் இன்சார்ஜ்.

15, ஞாயிறு

காலையில் காலிங் பெல். பில்டிங் வாட்ச்மேன் ரஃபீக் பாய், பின்னால் ஒரு இளம் ஜோடி. "பாபி, கர் தேக்னே ஆயே ஹைன்."

எந்த வீட்டைப் பார்க்க? இந்த வீட்டைத்தான். மார்ச் கடைசியில் காலியாகிறதாம். யார் சொன்னது என்றேன். "சார்னே தோ டிசம்பர் மே ஹி போல் தியா."

டிசம்பரிலேயே பில்டிங் ஆபீஸில் காலி செய்வதாகச் சொல்லியாகிவிட்டது. என்னிடம் பேச ஆரம்பித்தது ஜனவரியில். இவ்வளவு நாளும் முடிந்துபோன கேஸுக்கு வாதாடியிருக்கிறேன். ஜெயித்ததாக நினைத்துப் பாயசம் வேறு.

இவர் பெட்ரூம் வாசலில் நின்றார், கையில் போன். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தப் பெண் மதுரைப் பக்கம். மாசமாக இருக்கிறாள். "ஏங்க்கா காலி பண்றீங்க? தண்ணிப் பிரச்சினை ஏதும் இருக்கா?"

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். வாட்ச்மேன், அவள் புருஷன், புத்தகத்தோடு வர்ஷா. வெளியாள் முன்னால் கட்டினவரை விட்டுக்கொடுக்காமல் பழகிய நாக்கு.

"பொண்ணு படிப்புக்காக" என்றேன். எந்த அடுப்பு சரியாக எரியாது என்பதைக்கூடக் காட்டிக் கொடுத்தேன்.

போனதும் கேட்டேன், வெள்ளிக்கிழமை ஏன் சரி என்றீர்கள் என்று. "பரீட்சை நேரம். வீடு அமைதியா இருக்கட்டுமேன்னுதான்."

துணி துவைக்கவில்லை. சமைக்கவும் இல்லை. ஹோட்டலிலிருந்து பரோட்டா வரவழைத்தார்கள்.

16, திங்கள்

மறுபடி பனிமூட்டம். இன்று நான்தான் ஆரம்பித்தேன்.

"டிசம்பர்லயே முடிவு பண்ணிட்டு எதுக்குங்க எங்கிட்ட பேசுனீங்க?"

இண்டிகேட்டர் போட்டார். லேன் மாறினார்.

"நான் எங்க முடிவு பண்ணேன்? நேத்து அத்தனை பேரு முன்னாடி, பொண்ணு படிப்புக்காகன்னு சொன்னது யாரு? நானா?"

கிளினிக் வாசல். பின்னால் ஹாரன்.

இறங்கினேன். கதவு சரியாகச் சாத்தவில்லை போலிருக்கிறது. அவரே எட்டி இன்னொரு முறை சாத்திக்கொண்டு கிளம்பினார்.