பழகுவதற்கு ஒரு கம்பெனி

ராஜபாளையம்,
14.9.1997

அன்பு மகள் செல்லக்கனிக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய கிருபையால் நீயும் மருமகனும் குழந்தையும் மஸ்கட்டில் சுகமாக இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையோடு இதை எழுதுகிறேன். எனக்கு இங்கே முழங்கால் வலி தவிர வேறு குறையில்லை, அதுவும் வாடகை தராத குடித்தனக்காரன் மாதிரி காலி செய்ய மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறது. அப்பாவும் சுகம் என்றுதான் போன கடிதம் வரைக்கும் எழுதி வந்தேன். இந்தக் கடிதத்தில் அப்படி எழுதக் கை வரவில்லை. போனில் சொல்ல முடியாது, போன் அப்பாவின் மேஜை மேல்தான் இருக்கிறது, மணி அடித்தால் அவர்தான் எடுக்கிறார், நான் பேசினாலும் பக்கத்திலேயே நிற்கிறார். அதனால் அவர் மத்தியானம் கண் அசந்த நேரம் பார்த்து அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். மருமகனிடம் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம். ஆனால் முழுக்கப் படித்துவிட்டு எனக்காக நீ ஒரு காரியம் செய்ய வேண்டும், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கணக்கு எழுத எந்த சாஃப்ட்வேர் வாங்கினீர்கள், பில் போடச் சுலபமாக இருக்கிறதா, அப்பா பழகிவிட்டாரா என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறாய், நானும் வாங்கியாயிற்று, பழகிவிட்டார் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறேன். நடந்ததைச் சொல்கிறேன் கேள். நீ பணம் அனுப்பினதும் முதலில் மதுரையிலிருந்து ஒருவர் டை கட்டிக்கொண்டு வந்து ஒன்றைப் போட்டுக் காட்டினார். அது ஒரு பெரிய மில்லுக்கே காணும், ஐந்தொகை முதல் எல்லாம் அதுவே போடுமாம், ஆனால் ஒரு பில் அடித்து எடுப்பதற்குள் எத்தனையோ கதவைத் திறந்து மூட வேண்டியிருந்தது, இரண்டு சாவியைச் சேர்த்து அமுக்கு, மூன்றைச் சேர்த்து அமுக்கு என்றார். நமக்கு இருப்பது முன்னறையும் பின்னால் ஒரு குடோனும். அப்பா மரியாதையாகக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார். பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிப் பக்கம் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிற வேங்கடேசன் தானே எழுதின ஒன்றைக் கொண்டுவந்தார். ஒன்றை அமுக்கினால் பில், இரண்டை அமுக்கினால் சரக்கு வரவு, மூன்றில் இருப்பு, நாலில் பார்ட்டி கணக்கு, விற்பனை வரியை அதுவே போட்டுக்கொள்ளும், கோளாறு என்றால் அவரே பஸ் ஏறி வந்துவிடுவார். நீ பார்க்கச் சொன்னதெல்லாம் அதில் இருந்தது. நான் அதை எடுத்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது, அதை உனக்கு எழுதவில்லை.

நீ ஊரை விட்டுப் போன பிறகு ஆரம்பித்த வியாபாரம் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன். மில்லில் நூல் சுற்றுகிற காகிதக் கோனை அப்பா வாங்கி இங்கேயும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் உள்ள மில்களுக்குக் கொடுக்கிறார் அல்லவா, அதில் நூலின் பருமனைச் சொல்லுகிற நம்பர் ஒவ்வொன்றுக்கும் ஒரு கலர் கோன். சுற்றின பிறகு எல்லா நூலும் வெள்ளையாகத்தான் தெரியும், கோனின் கலரை வைத்துத்தான் இது நாற்பதாம் நம்பர், இது அறுபதாம் நம்பர் என்று பிரிப்பார்கள். போன வருஷம் ஒரு மில்லில் கலரை மாற்றினார்கள், பச்சை இனி அறுபதுக்கு, நாற்பதுக்கு மஞ்சள் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டும் போனார்கள். அப்பா அதை மறந்து, பச்சைக் கோன் பெட்டியில் பழையபடி நாற்பது என்று சீட்டு ஒட்டி அனுப்பிவிட்டார். சீட்டைப் பார்த்து வேலை செய்தவள் சுடலையம்மாள் என்று ஒரு தற்காலிகத் தொழிலாளி, கான்சாபுரத்துப் பெண், புருஷன் இல்லை, படுத்த படுக்கையாக ஒரு தாயார். இரண்டு நம்பரும் பச்சையில் ஏறிக் கலந்து, வாங்கினவர்களிடமிருந்து நூல் முழுவதும் மில்லுக்குத் திரும்பி வந்துவிட்டது. மேலே உள்ளவர்கள் தங்களைக் காப்பாற்றிக்கொண்டு, நூலை மாற்றித் திருடப் பார்த்தாள் என்று அவள் மேல் எழுதி வெளியே அனுப்பிவிட்டார்கள். அப்பா மில்லுக்குப் போய் தப்பு என்னுடையது என்று சொல்லிப் பார்த்தார், கேட்பார் இல்லை. பெரியவர் பாவப்பட்டுப் பேசுகிறார் என்று சிரித்தார்களாம். அதற்குப் பிறகுதான் அவளைக் கூப்பிட்டு நம் குடோனில் பெட்டி கட்டுகிற வேலைக்கு வைத்தோம்.

அப்போதுதான் அப்பாவை மதுரைக்கு அழைத்துக்கொண்டு போனேன். கண் டாக்டரிடம் என்று உனக்கு எழுதினது பொய். மூளை வாடிக்கொண்டு வருகிறது, பழசு நிற்கும், புதுசு நிற்காது, மருந்து கிடையாது என்றார் அங்கே பார்த்த நரம்பு டாக்டர். வேலையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், உட்கார வைத்தால் சீக்கிரம் படுத்துவிடுவார் என்றும் சொன்னார். வேலை செய்ய விட்டால் இன்னொரு சுடலையம்மாள் தெருவில் நிற்பாள், விடாவிட்டால் அவர் படுத்துவிடுவார், நான் என்ன செய்யட்டும். வேங்கடேசனின் சாஃப்ட்வேரில், பழகுவதற்கு என்று தனியாக ஒரு பொய்க் கம்பெனி இருந்தது. அதில் எத்தனை பில் வேண்டுமானாலும் போடலாம், தப்பாகப் போனாலும் நிஜக் கணக்கைத் தொடாது. முதல் வாரம் அப்பா அதில்தான் பழகினார். நான் அவரை அதிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை. பொய்க் கம்பெனிக்கும் நம் கடையின் பெயரையே போடச் சொன்னேன், நிஜத்துக்கு பாஸ்வேர்டு வைத்து அவர் தூங்குகிறபோது நான் எழுதினேன். பழைய ஆர்டர்களையும் பழைய கொள்முதல் பில்களையும் எடுத்துக் காலையில் மேஜை மேல் வைத்துவிடுவேன். சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஏற்றுவார், பிரிண்டர் கரகரவென்று அடிக்கும், கையெழுத்துப் போட்டு சுடலையம்மாளிடம் கொடுப்பார், அவள் சரிங்கய்யா என்று வாங்கிக்கொண்டு போய்ப் பின்பக்கம் என்னிடம் கொடுத்துவிடுவாள். அவளுக்கு எல்லாம் தெரியும். கனி, அந்த நாலைந்து மாதம் அப்பா எவ்வளவு சந்தோஷமாக இருந்தார் தெரியுமா, கம்ப்யூட்டர் எனக்கு அடங்கிப்போச்சு என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ரிட்டையர் ஆகிறவரை மில் ஸ்டோர்ஸில் சரக்குப் பொறுப்பில் இருந்த மனுஷன் என்பதை நான் யோசிக்காமல் போனேன். புத்தகத்தில் இருக்கிற இருப்பும் குடோனில் இருக்கிற இருப்பும் ஒன்றா என்று கையால் தொட்டு எண்ணிப் பார்ப்பதுதானே அவருடைய வேலையாக இருந்தது. போன மாதம் ஒரு நாள் மூன்றை அமுக்கி இருப்பை எடுத்துக்கொண்டு நேரே குடோனுக்குப் போய்விட்டார். பழைய கொள்முதல் பில்லை ஏற்றி ஏற்றிக் கணக்கில் மலையாகக் குவிந்திருந்த சரக்கு அங்கே எப்படி இருக்கும். திரும்பி வந்தபோது முகம் செத்துக் கிடந்தது. வண்டிக்காரர் நிற்கிறார், பக்கத்து வீட்டு அம்மா நிற்கிறார், எல்லோரும் பார்க்க சுடலையம்மாளைக் கூப்பிட்டு, "ஏட்டி, அம்புட்டுச் சரக்கையும் எங்க கொண்டுபோய் வித்தே?" என்று கேட்டார். வெளிப் பெண்ணை அவர் அப்படி ஏட்டி போட்டுப் பேசி நீயும் கேட்டிருக்க மாட்டாய். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அய்யா அது பொய்க் கணக்கு என்று. சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். இத்தனை பேர் முன்னால் அவரைப் பைத்தியக்காரர் ஆக்குவதா என்று நானும் வாயைத் திறக்கவில்லை. அவள் சாக்கு ஊசியைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் உட்கார வைத்து எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். நம்பவில்லை. "பரிபூரணம், ஒனக்கு எளகுன மனசு. அவளுக்காவப் பொய் சொல்லுத. கணக்கு பொய் சொல்லாது" என்றார். பாஸ்வேர்டு போட்டு நிஜக் கணக்கைத் திறந்து காட்டினேன். அதைச் செத்த நேரம் பார்த்தார். அதே பெயர், அதே பார்ட்டி, எண்கள் மட்டும் வேறு, அதுவும் பூட்டி வைத்திருக்கிறது. வேறு என்னவென்று அவர் நினைப்பார். மில்லில் எத்தனையோ பேர் ஆசை காட்டியும் மறைத்து எழுதுகிற இரண்டாம் கணக்குக்குக் கை நீட்டாத மனுஷன், என் வீட்டுக்குள்ளேயே திருட்டுக் கணக்கா, நீயா எழுதினாய் என்று கேட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். மறுநாள் அந்த அழுகை அவருக்கு ஞாபகம் இல்லை. ஆனால் மூன்றை அமுக்கினால் இருப்பு வருகிறது, குடோனுக்குப் போனால் சரக்கு இல்லை, அதனால் திருட்டு மட்டும் தினமும் புதிதாக நடந்தது.

கடைசியில் வேங்கடேசனை வரவழைத்துப் பொய்க் கம்பெனியின் இருப்பை குடோனில் உள்ளபடி திருத்தச் சொன்னேன். இனி எண்ணினாலும் சரியாக இருக்கும், மறந்துவிடுவார் என்று நினைத்தேன், என் புத்தி அவ்வளவுதான். அப்பா எண்ணிப் பார்த்தார், ஒரு கோன் குறையவில்லை. பார்த்தியா, அவ போன பொறவு கணக்கு நேராயிட்டு என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். போன ஞாயிறு ஆராதனை முடிந்து கோயில் வாசலில் போதகர் ஐயரிடமும் சொன்னார், சபையே கேட்டது. ஏற்கெனவே மில்லில் திருடி என்று பெயர் வாங்கினவள், இப்போது இங்கேயும் என்றால் யார் வேலை கொடுப்பார்கள்.

நான் கான்சாபுரத்துக்குப் போயிருந்தேன். சம்பள பாக்கியை நீட்டினேன், வாங்கிக்கொண்டாள், மேலே கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். உங்க மேல எனக்கு வருத்தம் இல்லம்மா என்றாள், அதை என்னால் நம்ப முடியவில்லை. வத்திராயிருப்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போனாளாம், இரண்டாம் நாளே விசாரித்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். எழுந்து வரும்போது, "அய்யா அவிய வாயால, என் மூஞ்சிக்கு நேரா, நீ எடுக்கலட்டின்னு ஒருக்கா சொல்லட்டும். எனக்கு அது போதும்" என்று சொன்னாள். சரி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். எதை வைத்துச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

இப்போது நீ செய்ய வேண்டிய காரியம். என் பேச்சு அவரிடம் ஏறாது, வேங்கடேசன் பேச்சும் ஏறாது, ஐயர் வந்து சொன்னதற்கு அவருக்கு விவரம் பத்தாது என்றுவிட்டார். உன் கடிதத்தை மட்டும் நம்புகிறார். உன் கடைசிக் கடிதம் அவர் சட்டைப் பையில்தான் இருக்கிறது, தினமும் எடுத்து அன்றைக்கு வந்தது போலப் படித்துவிட்டு, கனி எழுதியிருக்கிறாள் என்று எனக்கும் படித்துக் காட்டுகிறார். ஆகையால் நீ அவர் பெயருக்குத் தனியாக ஒன்று எழுது. இந்த சாஃப்ட்வேரில் இருப்புக் கணக்கு தப்பாகக் காட்டியிருக்கிறது என்று உனக்குத் தெரியவந்தது, சரக்கு எதுவும் குறையவில்லை, சுடலையம்மாள் எதையும் எடுக்கவில்லை, அவளைக் கூப்பிட்டு நேரில் சொல்லுங்கள் அப்பா என்று எழுது. டாக்டரைப் பற்றியும் மறதியைப் பற்றியும் ஒரு எழுத்து வேண்டாம், தினமும் படிப்பார், தினமும் புதிதாக வலிக்கும். பொய் எழுதச் சொல்கிறாளே என்று யோசிக்காதே, கணக்கு தப்பு என்பது நிஜம்தான், யாருடைய தப்பு என்பதை மட்டும் விட்டுவிடு. கடிதம் வந்த அன்றே அவளை அழைத்து வந்து எதிரே நிறுத்திப் படிக்கச் சொல்வேன். படித்தால் சொல்லிவிடுவார், நியாயம் தெரிந்த மனுஷன். மறுநாள் மறந்து மறுபடியும் திருடி என்பார், அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். என்னைத் திருட்டுக் கணக்கு எழுதினவள் என்று நினைத்தாரே, அதைப் பற்றி எதுவும் எழுதாதே. அவருக்கே ஞாபகம் இல்லாததை நான் ஏன் கிளற வேண்டும்.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் வியாபாரத்தை நிறுத்திவிடலாம் என்று இருக்கிறேன், கம்ப்யூட்டரை மட்டும் விற்க மாட்டேன், அவர் பில் போட்டுக்கொண்டு இருக்கட்டும். நீ பதறிக்கொண்டு டிக்கெட் எடுக்காதே, குழந்தைக்குப் பரீட்சை முடியட்டும். அவளை ஏசிக்கு நேராகப் படுக்க வைக்காதே, இருமல் அதனால்தான். மருமகனைக் கேட்டதாகச் சொல். ஆண்டவர் உங்கள் மூவரையும் தம் கைக்குள்ளேயே வைத்துக் காக்கட்டும், உன் கையால் செய்கிறது எல்லாம் வாய்க்கட்டும்.

ஒன்று மறந்துவிடாதே. கடிதத்தை டைப் அடித்து அனுப்பாதே, கையாலேயே எழுது, தள்ளிப் போடாமல் இந்த வாரமே எழுது. நான் எழுதின மளிகைச் சீட்டைப் போன வாரம் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, இது யார் எழுத்து என்று என்னிடமே கேட்டார். உன் எழுத்து அவருக்கு இன்னும் தெரிகிறது.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா,
ஐ. பரிபூரணம்