சித்தப்பா அடித்த காலண்டர்

ராஜா அண்ணாமலைபுரம்,
சென்னை.

அன்பு மகள் ஷண்முகப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கு நானும் என் முட்டிவலியும் சுகம், டொராண்டோ குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்க முருகன் துணை. போனில் சொன்னால் சிரித்தே கெடுத்துவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

உன் அப்பா உனக்கென்று வைத்திருந்த பென்சில் படங்களை, நூற்றைம்பது வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளைக்காரர் வரைந்த மயிலாப்பூர் கோபுரம், தெப்பக்குளம், அடையாற்று முகத்துவாரம் எல்லாவற்றையும், பொம்பளப் பிள்ளைக்கு இது எதுக்கு மதினி என்று சொல்லி அய்யாதுரைச் சித்தப்பா கருமாதி அன்றே கழற்றிக்கொண்டு போனாரே, எதிர்ச்சுவர்க் கண்ணாடியை மட்டும் இந்தப் பழசை நீங்களே வச்சுக்குங்க என்று விட்டுவிட்டு. அன்று எரிந்த வயிறு அணையவே இல்லை. கல்லில் அச்சடித்தால் படம் திரும்பி விழும் என்பதற்காக அந்த வெள்ளைக்காரர் எல்லாவற்றையும் இடம் வலம் மாற்றி வரைந்தார், கண்ணாடியில் பார்த்தால்தான் சரியாகத் தெரியும் என்று அப்பா சொல்லிச் சொல்லி நமக்கு மனப்பாடம். ஒரு நாளும் நின்று பார்க்காத சித்தப்பாவுக்கு எப்படித் தெரியும்?

தன் தி.நகர் ஜவுளிக்கடைக் காலண்டரில் இந்த வருஷம் குளத்துப் படம் என்று மாதிரி கொண்டுவந்து காட்டினார். படித்துறையில் நிற்கும் ஐயர்மார் அத்தனை பேருக்கும் பூணூல் வலது தோளில், திதி கொடுக்கும்போது மாற்றிப் போடுவார்களே அப்படி. எப்படி இருக்கு மதினி என்றார். அம்சமா இருக்கு, மயிலாப்பூர்ல ஒரு வீடு விடாம குடுங்க என்றேன். கொடுத்தார். பொங்கல் கூட்டத்தில் மாடவீதி மாமி ஒருத்தி வந்து, எல்லாரும் திவசம் பண்ணிண்டிருக்கா, இதை எப்படி ஆத்துல மாட்டறது என்று கல்லா மேலேயே போட்டாளாம். அப்புறம் கட்டுக்கட்டாகத் திரும்பி வந்தது.

வெள்ளைக்காரன் அமாவாசை அன்னிக்கு உக்காந்து வரைஞ்சிருக்கான், தரித்திரம் பிடிச்ச படம், அண்ணன் என் தலையில கட்டிட்டுப் போயிட்டாரு என்று புலம்பிக்கொண்டே நேற்று அப்பாவின் படங்கள் எல்லாவற்றையும் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். தானே பறித்துக்கொண்டு போனது மறந்துவிட்டது. நான் ஒன்றும் தெரியாதவள் மாதிரி மோர் கொடுத்தேன். அவர் தலை மறைந்ததும் பழைய ஆணிகளிலேயே மாட்டினேன். ஐயோ பாவம் என்று எழுதிவிடாதே, எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. சித்தப்பா மகள் சரண்யாவிடம் வாயே திறக்காதே. நீங்கள் இருவரும் நீண்ட ஆயுசோடு நன்றாக இருக்க வேண்டும். சித்திரையில் நீ வந்ததும் சித்தப்பாவை விருந்துக்கு அழைக்கப்போகிறேன். குளத்துப் படத்துக்குக் கீழே, கண்ணாடிக்கு நேர் எதிரே அவருக்கு இலை. நிமிர்ந்தால் அதில் அத்தனை பூணூலும் இடது தோளில் இருக்கும். அப்போது பாயசம் நீ பரிமாறு.

உன் அம்மா,
தங்கபுஷ்பம்