சைலென்சருக்கு மூன்று பூச்சு

பெப்ரவரி 10, செவ்வாய்

காலையில் பனி, பிறகு நல்ல வெயில். வியாழனுக்கு பட்டர் கேக் இரண்டு ஓடர். முட்டை வாங்க வேண்டும்.

புளியந்தீவிலிருந்து அண்ணன் வந்தார். தேத்தண்ணிகூடக் குடிக்காமல் லொறியின் முன்னால் 'விற்பனைக்கு' என்று ஒரு பலகையைக் கட்டினார். அப்பா எங்கள் இருவர் பெயரிலும் விட்டுப்போன லொறி. என் மனுசன் ஜோசப் பதினாறு வருடமாக ஓட்டுகிற லொறி. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு எரிச்சலும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அண்ணன் குனிந்து சைலென்சரைத் தட்டினார். துரு பொலபொலவென்று கொட்டியது. பனிச்சங்கேணியிலிருந்து மீன்பெட்டி ஏற்றி ஏற்றி வந்த உப்பு.

"பாத்தியா புள்ள, உப்புத் திண்ட வண்டி. திங்கக்கிழம ஒராள் பாக்க வருது."

"மேல் துருதான் அண்ணன். ஓட்டை ஒண்டும் இல்ல. சூடு தாங்குற கறுப்பு பெயின்ற் நானே அடிக்கிறன்."

"நீயா? கேக்குக்கு ஐசிங் பூசுற மாதிரியா?"

"ஓம்."

பேச்சு இப்படி முடிந்தது: ஞாயிறு லொறி கரடியனாறு போய் நெல் ஏற்றி வர வேண்டும். பெயின்ற் உரியாமல் நின்றால் விற்கிற கதையை விட்டுவிடுவார். உரிந்தால் நான் கையெழுத்து வைக்க வேண்டும்.

சரி என்றுவிட்டேன். வாய்க்கொழுப்பு.

11, புதன்

மந்தாரம். முட்டை மறந்துபோச்சு, பின்னேரம் ஓடிப்போய் வாங்கினேன்.

காலை எட்டிலிருந்து பகல் ஒன்று வரை துருச் சுரண்டல். கம்பி பிரஷ், சாண்ட்பேப்பர், தின்னர். மூக்குக்குள்ளும் துரு. கடைசியில் வெறும் இரும்பு பளபளவென்று. பூச்சு நாளைக்கு. இரவு முழுக்க கேக் வேலை, தோள் வலி.

12, வியாழன்

கேக் கொடுத்தாயிற்று. நல்ல வெயில். காலையில் நித்திரைக் கலக்கத்தோடு பூசினேன், பகல் தொட்டால் ஒட்டவில்லை. ஜோ. எஞ்சினைப் போட்டார். ஐந்து நிமிடம். புகை. பிறகு கொப்புளம். பிறகு பாலாடை போல் கையோடு வந்தது.

தடவிப் பார்த்தேன். பிசுபிசுப்பு.

"இதுல எண்ணெய் எப்பிடி வந்த?"

ஜோ. தலையைச் சொறிந்தார். "நேத்துப் பின்னேரம் கழிவு ஒயில் கொஞ்சம் தடவி விட்டன். வெறும் இரும்ப உப்புக் காத்துக்குள்ள எப்பிடி விடுற?"

வாவிக்கரையில் எல்லோரும் செய்வதுதான். தோணி எஞ்சின், சைக்கிள் செயின், கேற் பிணைச்சல், எதைக் கண்டாலும் கழிவு ஒயில். லொறி மேல் உள்ள அன்பால் செய்தார், தெரியும். ஆனாலும் ஏசினேன். நன்றாகவே. இரவுச் சோற்றை அவரே போட்டுத் தின்றார்.

பயமாக இருக்கிறது. இன்னும் இரண்டு நாள்தான்.

13, வெள்ளி

முதலிலிருந்து. சுரண்டி, தின்னர் போட்டு, வெள்ளைத் துணி வெள்ளையாகவே வரும்வரை துடைத்தேன். ஒயில் போத்தல் அலுமாரிக்குள், சாவி என்னிடம். மெல்லிய மெல்லிய பூச்சு, மூன்று. ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது.

டின்னில் ஒட்டியிருந்த தாளை இன்றுதான் முழுதாக வாசித்தேன். காய்ந்தால் மட்டும் போதாதாம். கொஞ்சம் சூடாக்கி ஆறவிட்டு, இன்னும் கொஞ்சம் சூடாக்கி ஆறவிட்டுத்தான் இறுகுமாம். அட, இது கேக் வேகவைக்கிற போறணை வேலை. இருபது வருடமாக நான் வேறென்ன செய்கிறேன்.

14, சனி

தூறல், பிறகு வெயில். ஜோ. சீட்டில். நான் கீழே, கேக்குக்கு வைக்கிற மணிக்கூட்டோடு.

10 நிமி. நிறுத்தி ஆறவிட்டது.
20 நிமி. ஆறவிட்டது. இடையில் மீன் கழுவினேன்.
30 நிமி.

"இன்னும் கொஞ்சம் அமத்தி மிதிக்கவா?"

"சும்மா இருங்க. நடுவுல கதவத் திறந்தா கேக் அமுங்கிப்போகும்."

"இதுல கதவு எங்க கிடக்கு?"

கொப்புளம் இல்லை. ஒன்றுகூட இல்லை. டின்னில் கொஞ்சம் மிச்சம். அதற்கும் ஒரு வேலை கொடுத்தேன்.

15, ஞாயிறு

விடிய ஜோ. கரடியனாற்றுக்கு. நான் பூசைக்கு. சைலென்சருக்காகவும் ஒரு மன்றாட்டு, வெட்கம்தான்.

பின்னேரம் நாலரைக்கு லொறி வந்தது, மூட்டை முட்ட. அண்ணன் முன்பே வந்து பின்வளவில் கதிரை போட்டு இருந்தார். சூடு ஆறும்வரை காத்திருந்தார். பிறகு குனிந்து நகத்தால் சுரண்டினார். சாவியால் சுரண்டினார். விரலைப் பார்த்தார். வயல்வட்டைப் புழுதி மட்டும்.

"ம்ம். நிக்குது."

வென்றேன். இதைப் பெரிதாக எழுத வேண்டும்: வென்றேன். ஜோ. என் கையைப் பிடித்தார், அண்ணன் முன்னாலேயே.

"புள்ள, பெயின்ற் மிச்சம் கிடக்கா? என்ட வான் சைலென்சரும் துருப்பிடிச்சுக் கிடக்கு."

"முடிஞ்சுது அண்ணன்."

"அவ்வளவு பெரிய டின்னுமா?"

லொறியின் முன்பக்கம் கூட்டிப் போய்க் காட்டினேன். அவர் கட்டிய பலகை கட்டிய இடத்திலேயே. எழுத்து ஒன்றும் தெரியவில்லை. அதற்கும் மூன்று பூச்சு.