லெவல் பார்த்தவள்

கடல் தாண்டிப் போய்ச் சுவர் எழுப்பும் என் வீட்டுக்காரருக்கு,

நானும் மகளும் அத்தையும் நலம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பேசுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டு அப்புறம் பேசுங்கள்.

அத்தைக்குச் சர்க்கரை லெவல் சரியாகிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள் போன் விளையாட்டில் ஒன்பதாவது லெவலாம். கணக்கில் எந்த லெவல் என்று கேட்டால் மட்டும் அவளுக்குக் காது கேட்பதில்லை. லாரிக்காரர் டீசல் லெவல் பார்க்கிறார். ஒரே ஒரு இங்கிலீஷ் சொல்லை வைத்துக்கொண்டு ஊரே காலம் தள்ளுகிறது. நமக்கு லெவல் என்றால் மேடு பள்ளம் பார்க்கிற, தண்ணீர் நிறைத்த டியூப்தான். நான் சித்தாளாக இருக்கும் இடத்துச் சூப்பர்வைசருக்கோ அது ஆளை எடை போடுகிற சொல். போன மாதம் நானும் டைல்ஸ் ஒட்டுகிறேன் என்று கேட்டதற்கு, “உன் லெவலுக்கு சாந்துச் சட்டி போதும்மா” என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இப்போது கேளுங்கள். நாங்கள் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் பன்னிரண்டு குளியலறை. முதல் அறைக்கு மேஸ்திரி டைல்ஸ் ஒட்டி முடித்தார். இன்ஜினியர் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். அது தண்ணீர் வடியும் ஓட்டைப் பக்கம் போகாமல் வாசலுக்கு வந்து நின்றது. மேஸ்திரி பெயர்த்துவிட்டு மறுபடி ஒட்டினார். மறுபடியும் வாசல். கோபத்தில் சாந்து பூசும் கரணையை வீசிவிட்டுப் போயே போய்விட்டார்.

எனக்குக் காரணம் தெரியும். அந்த வாசலில் உட்கார்ந்துதான் தினமும் சட்டி கழுவுகிறேன். கழுவின தண்ணீர் எப்போதும் வலது ஓரமாக ஓடி என் புடவையை நனைக்கும். வாசற்படிக் கல் அந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது. மேஸ்திரி இடது ஓரத்தில் மட்டும் லெவல் பார்த்துவிட்டு, மிச்சத்துக்கு அந்தக் கல் மட்டமாக இருக்கிறது என்று நம்பி ஒட்டியிருக்கிறார். சித்தாள் வாயைத் திறக்கலாமா என்று கொஞ்சம் தயங்கினேன். பிறகு திறந்துவிட்டேன். டியூப் வைத்துப் பார்த்தார்கள். முழுசாக ஒரு விரல் வித்தியாசம். சூப்பர்வைசர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி யார் ஒட்டுவது என்று இன்ஜினியர் கேட்டார். “நான் ஒட்டுறேங்க. சரியா வரலைன்னா நாளையிலேர்ந்து வேலைக்கே வரலை” என்றேன். நீங்கள் விட்டுப்போன கரணையை எடுத்துப் போனேன். உங்கள் பக்கத்தில் நின்று சாந்து எடுத்துக் கொடுத்த எட்டு வருஷமும் நான் சும்மா நிற்கவில்லை. இரண்டு நாளில் முடித்தேன்.

வாளியைக் கவிழ்த்தபோது எல்லாரும் வந்து நின்றார்கள். தண்ணீர் முதலில் பரவியது. பிறகு நாலா பக்கமிருந்தும் திரும்பி ஓட்டைக்குள் போனது. இன்ஜினியர் குந்தி உட்கார்ந்து மூலைக்கு மூலை கையை வைத்துப் பார்த்தார். எங்கும் தேங்கவில்லை. “மீதி பதினொண்ணும் நீங்களே ஒட்டுங்கம்மா” என்றார். மறுநாள் காலையில் சூப்பர்வைசர், “சாந்து போதுமா மேஸ்திரி?” என்று கேட்டார். யாரைக் கேட்கிறார் என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. மாமியாருக்கும் மருமகளுக்கும் அன்றைக்கு வீட்டில் ஒரே சிரிப்பு.

இனி உங்கள் விஷயம். அங்கேயும் மேஸ்திரி வேலைதான் என்கிறீர்கள். போன வாரம் வீடியோவில் நீங்கள் சட்டை மாற்றும்போது தோளைப் பார்த்துவிட்டேன். கரணை பிடிக்கிறவருக்குத் தோளில் அந்தக் காய்ப்பு வராது. மூட்டை சுமக்கிறவருக்குத்தான் வரும். சுமந்தவளுக்குத் தெரியாதா? மறைத்தீர்கள் என்று எனக்குக் கோபம் இல்லை. அழுகைதான் வந்தது. எங்களுக்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறீர்கள். இனி இருக்க வேண்டாம். நம் வீட்டில் இப்போது ஒரு மேஸ்திரி சம்பாதிக்கிறாள்.

அடுத்த மாதம் மேல்மாடியில் சுவர் வேலை ஆரம்பம். தரையை நான் பார்த்துக்கொள்வேன், சுவருக்கு என் வீட்டுக்காரரைப்போல ஆள் கிடையாது என்று இன்ஜினியரிடம் சொல்லிவிட்டேன். பெயரும் கொடுத்தாயிற்று. என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள். மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

வழி பார்த்திருக்கும்,
உங்கள் வீட்டு மேஸ்திரி