கேன் தொட்டிக்குக் கீழே இருக்கட்டும்

அண்ணாவுக்கு, உன் தங்கை எழுதுவது. இது அம்மாவின் கடிதம். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். எதையும் கூட்டாமல் குறைக்காமல் உள்ளதை உள்ளபடியே பதிவு செய்வேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். "அதுக்குத்தான்டி உன்னைக் கூப்பிட்டேன், உங்கப்பா எழுதினா எல்லாத்தையும் மழுப்பிடுவார்" என்றாள். அம்மா ஏன் தன் கையால் எழுதவில்லை என்பது உள்ளே வரும். நானாக ஏதாவது சேர்த்தால் அடைப்புக்குறிக்குள் போடுகிறேன். இனி அம்மா.

அன்புள்ள பெரியவனுக்கு, நீயும் மருமகளும் அவள் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதச் சொன்னேன், உன் தங்கை பேனாவைக் கீழே வைத்துவிட்டாள், பொய் எழுத மாட்டாளாம். சரி, அப்பா நலம், இவள் நலம், உன் மீன்களில் இரண்டு நலம். என் வலது மணிக்கட்டு உடைந்து மாவுக்கட்டில் இருக்கிறது. உன் கடல்மீன் தொட்டியிலிருந்து வழிந்த தண்ணீரில் கால் வைத்து விழுந்தேன். இதை உனக்குச் சொல்லாமல் மறைக்கவில்லை, நீதான் சொல்ல விடவில்லை. அன்று காலையில் நான் விழுந்து எழுந்திருக்கக்கூட இல்லை, ஃபோன் வந்தது. எடுத்ததும் எடுக்காததுமாக "கேமராவுல பார்க்கிறேன்மா, தண்ணியெல்லாம் பால் மாதிரி இருக்கு, என்ன பண்ணித் தொலைச்சீங்க?" என்று கேட்டாய். நான் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். கேமரா தொட்டிக் கண்ணாடி உயரத்துக்குத்தானே வைத்திருக்கிறது, தரையில் இருப்பவள் உனக்கு எப்படித் தெரிவாள். கை வலிக்குதுடா என்று ஆரம்பித்தேன். "அதெல்லாம் அப்புறம்மா, முதல்ல பம்ப்பைப் பிடுங்கு" என்றாய். பிடுங்கினேன், இடது கையால். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. அதன் பிறகும் பேசினாய், இல்லை என்று சொல்லமாட்டேன், ஒவ்வொரு முறையும் எந்தப் பவளம் வெளுத்தது, எது உரிந்தது, எந்த மீன் மிதந்தது என்பதோடு சரி. கடைசியில், "நீதான் துடைக்கிறேன்னு எதையாவது இழுத்திருப்ப, எனக்குத் தெரியும் உன்னை" என்றாய். அதைக் கேட்டுக்கொண்டிருந்த அப்பா "விடு, அவன் ஆசையா வளர்த்தது செத்துப்போச்சு, ஏதோ கோபத்துல பேசறான்" என்றார். நானும் விட்டேன். ஆனால் போன ஞாயிறு, உன் வீட்டு முன்னறையில் இதைவிடப் பெரிய தொட்டி வைக்கிறாய், இங்கே வைத்த மாதிரியே பம்ப்பும் அலமாரி மேலே மருந்துக் கேனும் வைத்துவிட்டாய் என்று சந்தோஷமாகச் சொன்னாய் பார், அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். ஃபோனில் என்றால் பாதியில் என்னைத் தாண்டித் தொட்டிக்குப் போய்விடுவாய். காகிதத்தில் அப்படிப் போக முடியாது, கடைசி வரைக்கும் வா.

நான் எதையும் இழுக்கவில்லை. தங்கை அந்தப் பம்ப்போடு வந்த புத்தகத்தை முழுவதும் படித்தாள், அப்பா பம்ப்பைக் கழற்றிப் பார்த்தார், என்ன நடந்தது என்பது பளிச்சென்று தெரிந்துவிட்டது. அந்தப் பம்ப் என்ன, குழாயை உருளையால் அமுக்கி அமுக்கிச் சொட்டுச் சொட்டாகப் பவளத்துக்கான மருந்தைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். ஓடாத நேரத்தில் குழாயை அடைத்துக்கொண்டிருப்பதும் அந்த உருளைதான். உள்ளே பிளாஸ்டிக் விரிசல் விட்டு உருளை தளர்ந்துபோனது. அமுக்கிய விரலை எடுத்தால் குழாயில் என்ன ஆகும்? நீ ஆள் உயர அலமாரி மேல் ஏற்றி வைத்த பெரிய கேன் முழுவதும் தானாக இறங்கித் தொட்டிக்குள் கொட்டிவிட்டது. ஒரு மாதத்துக்குச் சொட்ட வேண்டிய காரக் கரைசல் ஒரே இரவில். தண்ணீர் பாலாகி, விளிம்பு வரை ஏறி, தரைக்கு வழிந்தது. அப்போதும் அந்த மெஷினின் திரை எல்லாம் சரி என்றே காட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு தள்ளச் சொன்னாயோ அதைத்தான் அது காட்டுமாம், எவ்வளவு போயிற்று என்று அதற்குத் தெரியாதாம். (இது புத்தகத்தில் இருக்கிறது. நான் இரண்டு முறை படித்தேன்.) நீ கேனை அங்கே ஏற்றிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஊருக்குக் கிளம்புகிற அவசரம். சின்ன கேனாகக் கீழே வையேன், வாரம் ஒருமுறை நான் ஊற்றுகிறேன் என்றேன். "நீ மறந்துடுவம்மா, அப்பா ரெண்டு கரைசலையும் மாத்தி ஊத்திடுவார், உங்களை நம்பி விட்டுட்டுப் போக முடியாது" என்றாய். இருபது வருடமாக ஊர்ப் பிள்ளைகளின் பள்ளிச் சீருடையை அளவு பிசகாமல் தைத்துக் கொடுக்கிறவள் நான். ஒரு கேனில் கோடு வரைக்கும் ஊற்றத் தெரியாதா எனக்கு? எங்களை நம்பாமல் அலமாரியை நம்பினாய்.

இப்போது சொல்வதைக் கவனமாகச் செய். கேன் எப்போதும் தொட்டித் தண்ணீரின் மட்டத்துக்குக் கீழே இருக்கட்டும், அப்போது பம்ப் கெட்டாலும் மருந்து தானாக மேலே ஏறாது. ஆனால் கீழே வைத்துவிட்டோம் என்று குழாய் முனையைத் தண்ணீருக்குள் முக்கிவிடாதே, பிறகு தொட்டித் தண்ணீர் கேனுக்குள் இறங்கி அதுவும் தரைக்குத்தான் வரும். முனை தண்ணீருக்கு மேலே, காற்றில், சொட்டுவது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். சொட்டுகிற சத்தம் உறக்கத்தைக் கெடுக்கிறது என்றுதானே இங்கே முக்கி வைத்தாய், கெடுக்கட்டும், பிள்ளை பிறந்தால் எப்படியும் உறக்கம் கிடையாது. கேன் சின்னதாக இருக்கட்டும். மொத்தமும் ஒரே நேரத்தில் கொட்டினாலும் தொட்டி தாங்குகிற அளவுதான் அதில் இருக்க வேண்டும். சுண்ணாம்புக் கரைசலும் காரக் கரைசலும் ஒன்றோடு ஒன்று சேரக் கூடாது, குழாய்களைத் தள்ளித் தள்ளி வை, ஒன்று விழுந்து நேரம் விட்டு மற்றது விழட்டும். முதலில் பம்ப்பை ஒரு அளவுக் குவளையில் ஓடவிட்டு உண்மையில் எவ்வளவு வருகிறது என்று பார், அவ்வப்போது திரும்பவும் பார், திரை சொல்வதை நம்பாதே. மின்சார ஒயரைத் தளரத் தொங்கவிட்டு அதற்கப்புறம் மேலே ஏற்றிச் செருகு, அப்போதுதான் வழிகிற உப்புத்தண்ணீர் பிளக்குக்குப் போகாமல் கீழே சொட்டும். இங்கே பக்கத்துப் பிளக்கைத் தொட்டுவிட்டது, அதன் ஃபியூஸ் மட்டும் போனதால் நான் பிழைத்தேன். இதையும் நீ கேட்கவில்லை. மருமகள் காலையில் எழுந்து பாதித் தூக்கத்தில் அந்த முன்னறை வழியாகத்தானே சமையலறைக்குப் போவாள். அவள் விழுந்தால் மணிக்கட்டோடு போகாது. இதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன்.

(அம்மா இங்கே நிறுத்திவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்பா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.)

தையல் மெஷினை உறை போட்டு மூடி வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், வந்தவர்களையெல்லாம் வேறு கடைக்கு அனுப்புகிறேன். விரல்கள் பழையபடி மடங்குமா என்று கட்டு பிரித்தால்தான் தெரியும் என்கிறார் டாக்டர். மெஷின் முன்னால் இருந்த ஜன்னல் பக்கத்தை உன் தொட்டிக்கு விட்டுக்கொடுத்தவள் நான், நினைவிருக்கிறதா?

(உண்மையை எழுதுவதாகச் சொன்னதால் இதையும் எழுதுகிறேன். அம்மா இந்தக் கடிதத்தைத் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்துதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். தினமும் இந்த நேரத்துக்கு நீ கேமராவைத் திறப்பாய், அப்போது அதில் பச்சைப் புள்ளி எரியும். அது தெரிந்துதான் நாற்காலியை அங்கே போடச் சொன்னாள். கட்டுப்போட்ட கையைக் கேமராவுக்கு நேராக மேசையில் வைத்திருக்கிறாள். "பார்த்துட்டுக் கேட்பான், கேட்டுட்டான்னா கடிதத்தைக் கிழிச்சுப் போட்டுடு, ஃபோன்லயே சொல்லிக்கலாம்" என்றாள். பம்ப் விஷயம் எழுதிக்கொண்டிருந்தபோதே பச்சைப் புள்ளி எரிந்தது. அம்மா முடியைச் சரிசெய்துகொண்டாள். இப்போது உன் செய்தி வந்தது. சத்தமாகப் படிக்கச் சொன்னாள், படித்தேன். "யாரோ முன்னாடி உக்காந்து மறைக்கிறீங்க, இடது மூலை தெரியல, கொஞ்சம் தள்ளுங்க." அப்பா எங்களைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். அம்மா நாற்காலியைத் தள்ளிப் போட்டாள்.)

கடிதத்தைக் கிழிக்க வேண்டாம். முடித்துவிடு. பெரியவனே, நீங்கள் மூன்று பேரும் நன்றாக இருங்கள், பிள்ளை நல்லபடியாகப் பிறக்கட்டும், மருமகளைப் படியேறவிடாதே. எதை மறந்தாலும் கேனை மறக்காதே, இதைப் படித்து முடித்ததும் எழுந்துபோய் அலமாரியிலிருந்து இறக்கி வை. என் கையைப் பற்றி இனி நீ கேட்க வேண்டியதில்லை.

இப்படிக்கு, உன் அம்மா.

(கையெழுத்தை அம்மாவே இடது கையால் போட்டாள், கோணலாக இருப்பது அதனால்தான். பிறகு தொட்டிக்குப் பின்னால் போனாள். தண்ணீர் சுற்றுகிற மோட்டாரையும் பிடுங்கிவிடுவாளோ என்று நான் பயந்தேன். "அது ஓடட்டும், மீனுங்க என்ன பண்ணுச்சு" என்றாள். பச்சைப் புள்ளி இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அம்மா தொட்டியின் விளக்குகளை மட்டும் அணைத்தாள்.)