அம்மா படகேறப் போகிறாள்

அன்பு மகள் தனுஜாவுக்கு,

எங்களைத் தடுக்க நீ நண்பகல் பேருந்தில் வருவாய் என்று அறிந்தே, அம்மாவும் நானும் விடியற்காலைப் பேருந்தில் புறப்படுகிறோம். ஓடிப்போகிறோம் என்றே வைத்துக்கொள். யாழ்ப்பாணம் சென்று, நான்கு நாள் பாய்மரப் படகில் நயினாதீவு, அனலைதீவு, நெடுந்தீவு எனத் தீவு தீவாகச் சுற்றித் திரும்புவோம்.

ரொட்டியும் சம்பலும் மூடி வைத்திருக்கிறோம். கோழிக்கூட்டின் சாவி அரிசி வாளிக்குள் இருக்கிறது. மாலையில் நம் லய வரிசையின் அடுத்த வீட்டு மூக்கன் மாமா தீனி வைக்க வருவார். எங்களைத் தடுக்கவில்லையே என்று அவரிடம் முகம் சுளிக்காதே.

"நீச்சல் தெரியாத அம்மாவைச் சாயுற படகுல ஏத்தப் போறீங்களாப்பா?" என்று நேற்று நீ கேட்டது நியாயமே. நீ கோபத்தில் தொலைபேசியை வைத்த பின் அவள் உரைத்த மறுமொழி இது: "முப்பது வருஷம் சாஞ்ச மலையில நின்னு தேயிலைக் கொழுந்து பறிச்சவ நான். படகு சாஞ்சா எனக்கென்னா?"

அஞ்சுபவன் நானே. பிறவிக்கடல் கடக்க அருளுமாறு ஐம்பது ஆண்டுகள் பதிகம் பாடிய வாய், உப்புக்கடலை நினைத்தாலே உலர்கிறது. படகில் குமட்டினால் முகர எலுமிச்சம்பழம் நான்கு எடுத்துக்கொண்டேன்.

ஆயினும் உன் சம்மதமின்றி அம்மா படகேறமாட்டாளாம். இன்றிரவு அழைத்து அவளிடம் ஒரு சொல் சொல்.

அப்பா

பின்குறிப்பு: உயிர்காப்பு அங்கியை நேற்று அணிந்து பார்த்தவள் கழற்றவே இல்லை, அதனோடுதான் ரொட்டி சுட்டாள். இப்போதும் அதனோடுதான் வாசலில் நிற்கிறாள். காலை வேலைப் பதிவுக்கு, பெரட்டுக்குப் போகும் பெண்கள், "என்னா பேச்சியக்கா, லயத்துல வெள்ளமா?" என்று கேட்க, விழுந்து விழுந்து சிரிக்கிறாள். இந்தச் சிரிப்பைக் கேட்டிருந்தால் நீயே எங்கள் பெட்டியைத் தூக்கி வந்திருப்பாய்.