மேஜை டெஸ்ட்

மார்ச் 3, செவ்வாய்

இன்று துறைமுக ரேடியோ பட்டறைக்கு வந்தது பதினெட்டு வாக்கி டாக்கி செட். ஆறு, கிரேன்களுடையவை; மீதி படகுக்காரர்களும் கேட் காவலர்களும் அனுப்பியவை. எல்லாவற்றுக்கும் மேஜை டெஸ்ட்தான். ஒரு கையில் நல்ல வாக்கி டாக்கி, மறு கையில் ரிப்பேருக்கு வந்தது. 'ஹலோ, ஒன் டூ த்ரீ.' கேட்டதா, கையெழுத்து, அடுத்தது. சிக்னலைக் கூட்டிக் குறைத்து அளக்கும் சிக்னல் ஜெனரேட்டரில் மாட்டிப் பார்த்தால் ஒரு செட்டுக்கே அரை மணி போய்விடும். எங்கள் பட்டறைத் தலைவர் எதைச் சொன்னாலும் 'ஓகே, ஓவர்' என்று முடிப்பார். அவருக்கு நாங்கள் வைத்த பெயரும் அதுதான். "மேஜைல கேட்டா கப்பல்லயும் கேக்கும்மா. ஓகே, ஓவர்."

மார்ச் 4, புதன்

அண்ணனின் இடது பாதம் நசுங்கிவிட்டது. கப்பலின் அடித்தளத்தில் நின்றுகொண்டு, மேலே கிரேன்காரருக்கு ஏற்று, இறக்கு என்று வாக்கி டாக்கியில் சொல்வது அவன் வேலை. இரும்புக் குழாய்க் கட்டு நிற்காமல் இறங்கியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் அண்ணி என் கையை விடவே இல்லை.

மார்ச் 6, வெள்ளி

கண் திறந்ததும் அண்ணன் சொன்னது: "நிறுத்துன்னு மூணு தடவை கத்தினேன் பாப்பா."

கிரேன்காரர் சொல்வது: "சத்தியமா ஒண்ணும் வரல. மேல்தளத்துல இருந்து பேசினவங்க குரல் எல்லாம் நல்லா கேட்டுச்சே."

கிரேன்காரரின் செட் செவ்வாய்க்கிழமைதான் என் கையால் டெஸ்ட் ஆகிப் போனது. கணீரென்று கேட்டது. அப்படியானால்? அண்ணன் பதற்றத்தில் பேசும் பட்டனை அழுத்தாமலே கத்தியிருப்பான். வேறென்ன?

மார்ச் 20, வெள்ளி

விசாரணை. அதே செட்டைக் கொடுத்து டெஸ்ட் பண்ணிக் காட்டச் சொன்னார்கள். காட்டினேன். அறை முழுக்கக் கேட்டது, 'ஒன் டூ த்ரீ'.

"அப்போ அவர் கூப்பிடலைன்னு எடுத்துக்கலாமா?" என்றார் விசாரணை அதிகாரி.

வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். "பட்டனை அழுத்த மறந்திருக்கலாம் சார்" என்றேன். பதினாறு வருஷமாக என் வேலையில் ஒரு குறை வந்ததில்லை என்கிற திமிர். எதிரே சக்கர நாற்காலியில் அண்ணன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மார்ச் 24, செவ்வாய்

அண்ணனை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். கவனக்குறைவாம்.

மார்ச் 27, வெள்ளி

விசாரணை முடிந்து அந்தச் செட் என் மேஜைக்கே திரும்பி வந்தது, மறுபடி கிரேனுக்கு அனுப்புவதற்கு. ஏன் ஜெனரேட்டரில் மாட்டினேன்? விசாரணையில் அண்ணன் பார்த்த பார்வை ஒரு வாரமாகச் சோறு இறங்கவிடவில்லை, அதனால்தான்.

சிக்னலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். நல்ல செட் சாதாரணமாகக் கேட்கும் அளவிலேயே இது ஊமையாகிவிட்டது. கழற்றி, ஸ்பீக்கரிலிருந்து பின்னோக்கிப் போனேன். ஆடியோ சரி. குரலைப் பிரிக்கும் டிடெக்டர் சரி. பக்கத்து சேனல்களை வடிகட்டும் பில்டர் சரி. அலைவரிசையை இறக்கும் மிக்சரும் சரி. ஆன்டெனாவை ஒட்டிய முதல் டிரான்சிஸ்டர், மெல்லிய சிக்னலைத் தூக்கிக் கொடுக்க வேண்டியது, செத்துக் கிடந்தது.

இரண்டடி தூரத்தில் பேசினால் வலுவான சிக்னல் செத்த டிரான்சிஸ்டரைத் தாண்டியும் கசிந்து உள்ளே போய்விடும். மேல்தளத்திலிருந்து பேசினாலும் அப்படியே. இரும்புச் சுவர்களுக்குள்ளிருந்து வருகிற குரலுக்கு அந்த வலு ஏது? வெறும் இரைச்சல் என்று ஸ்குவெல்ச் சர்க்யூட் ஸ்பீக்கரை அடைத்தே வைத்திருக்கும். கிரேன்காரர் காதில் ஒரு கரகரப்புகூட விழுந்திருக்காது.

மற்ற ஐந்து கிரேன் செட்டையும் வாங்கி மாட்டிப் பார்த்தேன். இன்னும் இரண்டு அதே மாதிரி. எல்லாம் என் கையெழுத்து.

மூணு தடவை கத்தியிருக்கான். நான் என்ன சொன்னேன்? பட்டனை அழுத்தலன்னு சொன்னேனே — எல்லார் முன்னாடியும் — பாவி, பாவி.

மார்ச் 28, சனி

ஓகே ஓவரிடம் காட்டினேன். கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னார்: "முடிஞ்சதைக் கிளறாதம்மா. மேஜை டெஸ்ட்டுன்னு நான் எங்கேயும் எழுதிக் கொடுக்கல. கையெழுத்து உன்னுது." முதல் தடவையாக ஓகேவும் இல்லை, ஓவரும் இல்லை.

மதியமே எல்லாவற்றையும் எழுதி, அளவுகளோடு விசாரணை அதிகாரியிடம் நேரில் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 29, ஞாயிறு

அண்ணன் வீடு. கட்டிலில் உட்கார்ந்திருந்தான். முதல் டிரான்சிஸ்டர், கசிவு, இரும்புச் சுவர், ஒன்று விடாமல் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டான்.

"செட்டுக்காவது ஒரு பார்ட் செத்துப்போச்சு. உனக்கு என்ன?"

அண்ணி டீ கொண்டுவந்தாள். "அவளுக்கு வேணாம், கிளம்பிட்டா" என்றான். நான் உட்கார்ந்துதான் இருந்தேன். பிறகு எழுந்தேன்.

ஏப்ரல் 30, வியாழன்

உத்தரவு வந்தது. அண்ணன் மேல் தவறில்லை. இனி அவனுக்கு உட்கார்ந்து பார்க்கும் வேலை, கட்டுப்பாட்டு அறையில். என்னை நீக்கியாகிவிட்டது. மேஜை டெஸ்ட்டையும் நிறுத்திவிட்டார்களாம். டெஸ்ட்டை நிறுத்தும் உத்தரவில் கையெழுத்திட்டிருப்பவர் ஓகே ஓவர்.

ஒரு மாதமாக எடுக்காத போனை இன்று எடுத்தான்.

"அண்ணா, ஆர்டர் வந்துச்சா?"

"வந்துச்சு."

"கால் எப்படி இருக்கு?"

"இருக்கு."

பின்னால் அண்ணி, யார் பேசுவது என்று கேட்டாள்.

"ரேடியோ பட்டறைல இருந்து" என்றான்.